லீமா வண்டியை நிறுத்துவாள்

செண்பகனூர் லீமாவின் வயிற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் கொடைக்கானல் பஜாரில் கிடையாது. சுக்கைத் தட்டிப் போட்டுக் குடி என்பார் ஒருவர். வெந்தயத்தை மோரில் ஊறவை என்பார் இன்னொருவர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள் என்று கோயில் வாசலில் ஒரு அம்மா. கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு என்று வேன் ஸ்டாண்டில் ஒரு கூட்டம். அடுத்தவர் வயிறு என்றால் ஊருக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள். உனக்கு என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது என்று அவளிடம் கேட்கத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

லீமா வேன் ஓட்டுகிறவள். கொடைரோடு ஸ்டேஷனில் வந்து இறங்கும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாக மலை ஏறி, கொடைக்கானலில் கொண்டுவந்து இறக்குவது அவள் சோலி. வேன் சம்சுல் ஆலம் பாயுடையது. பஜாரில் தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடை ஒன்றும், வேன் இரண்டும் வைத்திருக்கிறார். ஒன்றை ஜெயமுருகன் ஓட்டுகிறான், இன்னொன்றை லீமா. அந்த ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான் பெண். முதன்முதலாக அவள் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்த அன்று, பொம்பளை ஓட்டினால் மலை ஏறுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஏறியது. வளைவுகளும் பிரேக்கும் அவளிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை.

வினை வந்தது வேறு பக்கத்திலிருந்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் அய்யம்பாளையம் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டுப் பிள்ளை கோயிலில் முதல் நன்மை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. மதியம் வைத்த கறிக்குழம்பையே இரவுப் பந்தியிலும் ஊற்றினார்கள். சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். ஒரு வாரத்தில் எல்லாரும் எழுந்து நடமாடிவிட்டார்கள். லீமாவுக்குக் காய்ச்சல் போனது, வயிறு மட்டும் பழையபடி திரும்பவில்லை. ஒரு நாள் ஓட ஓட விரட்டும். அடுத்த இரண்டு நாள் இறுகிப்போய்க் கிடக்கும். அடிவயிற்றை ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கும், போய்விட்டு வந்தால் கொஞ்சம் விடும். வீட்டில் இருக்கிற நாளில் சும்மா கிடக்கிற வயிறு, மலை தொடங்கும் செக்போஸ்ட் கண்ணில் பட்டதும் விழித்துக்கொள்ளும். அதற்கு மேலே ஒரு பெண் நம்பி ஒதுங்கும்படியாக ஒரு இடமும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆண்கள் பாடு கவலையில்லை. எந்த வளைவிலும் இறங்கி, மலைக்கு முன்பக்கத்தைக் காட்டி நின்றுவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே வந்து ஏறிக்கொள்வார்கள்.

மலை டிரைவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஏறும்போது வயிற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது. எல்லாம் முடிந்து வீடு திரும்பியபிறகுதான் சாப்பாடு, அதுவும் மூக்கு முட்ட. இடையில் வயிறு முரண்டு பிடித்தால் அடிவாரத்தில் ஒரு மருந்துக்கடைக்குப் போய் 'அண்ணே, மலை செட்டு' என்றால் போதும். டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம். பேதியை நிறுத்த ஒன்று, கிருமியைக் கொல்ல ஒன்று, வாயுவுக்கு ஒன்று என்று காகிதத்தில் மடித்து நீட்டிவிடுவார்கள். இதை லீமாவுக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஜெயமுருகன். "போட்டுட்டு ஏறுக்கா. அணை கட்டுன மாதிரி நிக்கும்" என்றான். நின்றது. பத்து நாளில் மறுபடி உடைந்தது. மறுபடி ஒரு செட்டு. பகலெல்லாம் பட்டினி, நடுவில் மாத்திரை, இரவில் பரோட்டா என்று மூன்று வருஷத்தை அப்படியே ஓட்டிவிட்டாள்.

மதுரைக்கும் போய் வந்தாள். ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்க்கிற கேமரா டெஸ்ட் என்று எதையும் பாக்கி வைக்கவில்லை. எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லம்மா. எல்லாம் மனசுதான். கவலைப்படாம இருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். புற்றும் இல்லை, புண்ணும் இல்லை என்றதும் அவளுக்கு நிம்மதிதான். பஸ் ஏறி உட்கார்ந்தபிறகுதான் ஆத்திரம் வந்தது. மனசு என்றால் என்ன அர்த்தம்? பொய் என்றா? வலிக்கிறவளுக்கு வலி தெரியாதா?

வீட்டுக்கு வந்தால் புருஷன் டேனி, மிஷன் பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரன், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அதான் ஒண்ணுமில்லனு சொல்லிட்டாங்கள்ல. பெறகென்ன?" என்றான்.

"அப்ப நான் நடிக்கிறேனா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க? வயித்தக் கையில புடிச்சுக்கிட்டு ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பிப் பாருங்க. அப்புறம் வந்து ஒண்ணுமில்லனு சொல்லுங்க."

டேனி கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்ததா இல்லையா? பயந்தால் வயிற்றைக் கலக்குகிறது, தந்தி வந்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது, பிள்ளை வந்து சேரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று எல்லாரும்தான் பேசுகிறோம். அப்போதெல்லாம் மனசுக்கும் வயிற்றுக்கும் உள்ள தொடுப்பு யாருக்கும் சந்தேகமாக இல்லை. லீமா சொன்னால் மட்டும் நடிப்பாகிவிடுகிறது.

பங்குனி மாசம் ஒரு குடும்பம் அவள் வண்டியில் வந்தது. அன்றைக்கு வயிறு படுத்தியபாட்டில் மூன்று இடத்தில் நிறுத்தவேண்டியதாகிவிட்டது. குடும்பம் போனில் ஒற்றை நட்சத்திரம் குத்தி, டிரைவர் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் புதருக்குள் போகிறார் என்று எழுதியும் வைத்தது. சம்சுல் ஆலம் அவளைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"லீமாம்மா, உன் கை சுத்தம், ஓட்டம் சுத்தம். அதுல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா உடம்பு ஒத்துழைக்கலேல்ல. கவுண்டர்ல உக்காந்துக்க. அதே சம்பளம். கடைக்குப் பின்னாலயே பாத்ரூம் இருக்கு."

பாய் நல்ல மனுஷர். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் லீமாவுக்கு இன்னும் எரிந்தது.

"சாக்லேட்டு நிறுத்துக் குடுக்கவா பாய் நான் லைசென்ஸ் எடுத்தேன்?"

"கோவப்படாத. மே மாசம் சீசன். அதுல ஒரு புகாரு வந்தாலும் வண்டிய வேற ஆளுகிட்ட குடுத்துருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"வராது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எப்படி வராமல் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியாது. மூன்று வருஷமாகக் கேட்காத வயிறு ஒரு மாசத்தில் கேட்குமா? ஆனாலும் அந்த ஸ்டீயரிங்கை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அந்த சீட்டில் உட்காரும்போதுதான் அவள் லீமா. மற்ற இடத்தில் எல்லாம் டேனி பெண்டாட்டி, வயிற்றுக்காரி.

திண்டுக்கல்லிலிருந்து வாரம் ஒரு நாள் வத்தலக்குண்டுக்கு வந்து போகிற குடல் டாக்டர் கேத்தரின் பற்றி அவளுக்கு யாரோ சொன்னார்கள். லீமா சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். உட்காருவதற்கு முன்னாலேயே, "மனசுனு மட்டும் சொல்லிராதீங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் ரிப்போர்ட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று வருஷக் கதையையும் கேட்டார். விருந்தைக் கேட்டார், மலை செட்டைக் கேட்டார். இரவுச் சாப்பாட்டைக் கேட்டபோது மட்டும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்க வலி பொய்யில்ல லீமா. இதுக்கு ஐ.பி.எஸ்., எரிச்சல் குடல்னு பேரு. குடல்ல புண்ணு, கட்டி எதுவும் இல்ல, அதனால கேமராவுல ஒண்ணும் தெரியல. குடல் வேலை செய்யிற விதம் மாறிப்போச்சு. அத கேமரா படம் புடிக்காது."

"பெறகு ஏன் மனசுன்னாங்க?"

"மனசு மட்டும்தான்னா தப்பு. மனசுக்குச் சம்பந்தமே இல்லன்னாலும் தப்பு. மூளைக்கும் குடலுக்கும் நடுவுல நரம்பு ஓடுது. அதுல ரெண்டு பக்கமும் சேதி போகும். சொல்லப்போனா கீழருந்து மேல போறதுதான் அதிகம்."

"அப்ப வயிறு மூளைய மெரட்டுதா, மூளை வயித்த மெரட்டுதா?"

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு மெரட்டுது. நடுவுல இன்னொரு கூட்டம் இருக்கு. குடலுக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா. நெறய நல்லதுங்க. செரிக்க ஒத்தாசை பண்ணும், குடலோட சுவரக் காக்கும், நரம்புக்குச் சேதி சொல்ற பொருளக் கூட உண்டாக்கும். அந்த விருந்துக் கிருமி அந்தக் கூட்டத்தக் கலைச்சிருக்கலாம். பல பேருக்குத் தானாத் திரும்பக் கூடிரும். நீங்க கூட விட்டாத்தான? கூடக் கூட செட்டு மாத்திரையப் போட்டிருக்கீங்க."

"கிருமியக் கொல்லத்தான போட்டேன்?"

"எது நல்லது எது கெட்டதுன்னு அந்த மாத்திரை ஆள் பாத்துக் கொல்றதில்ல."

லீமாவுக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷம் தன் கையாலேயே வாங்கித் தின்றிருக்கிறாள். அந்த ஜெயமுருகன் மட்டும் அப்போது எதிரில் இருந்திருந்தால் பாவம், என்ன ஆகியிருப்பானோ.

"எந்த பாக்டீரியா கொறஞ்சிருக்குனு பாத்து அதையே திரும்ப ஊத்திர முடியாதா?" என்று கேட்டாள்.

"அந்த அளவுக்கு இன்னும் தெளிவா வரல. வந்துருச்சுனு சொல்லி டப்பா விக்கிறவங்க இருக்காங்க, நம்பிப் பணத்த விடாதீங்க. கொஞ்சங்கொஞ்சமா, நேரத்துக்குச் சாப்பிடுங்க. மலை ஏறுற அன்னிக்கும்தான். பரோட்டா, வெங்காயத்தக் கொறச்சுப் பாருங்க. செட்டு மாத்திரைய இன்னியோட விட்டுருங்க. அப்புறம் குறைஞ்ச அளவுல ஒரு மாத்திரை தரலாம். அதிக அளவுல மனச்சோர்வுக்குக் கொடுக்குறது, குடல் நரம்பையும் அமத்தும்."

லீமா எழுந்துவிட்டாள். "சுத்தி வளைச்சு பைத்தியம்னு அங்கயே வந்துட்டீங்கள்ல?"

"உக்காருங்க. பைத்தியம்னு நான் சொல்லல."

"அந்த மாத்திரையப் போட்டா தூக்கம் வருமா?"

"சில பேருக்கு வரும்."

"நான் மலையில வண்டி ஓட்டுறவ டாக்டர். பின்னால ஆளு உக்காந்திருக்கும்."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "சரிதான். அப்ப அது வேண்டாம். குடலோட இறுக்கத்தத் தளர்த்துறது ஒண்ணு இருக்கு, அதத் தர்றேன். ஒண்ணு சொல்லுங்க. செக்போஸ்ட்டப் பாத்ததும் என்ன நெனைப்பீங்க?"

"கக்கூஸ் எங்க இருக்குன்னு."

"அது நியாயமான பயம். நியாயமானதா இல்லையான்னு குடலுக்குத் தெரியாது. மூளை ஆபத்துனு மணியடிக்குது, குடல் முறுக்குது, அந்த முறுக்கப் பாத்து மூளை இன்னும் ஓங்கி அடிக்குது. வழியில ஒரு இடம் இருக்குனு உறுதியாத் தெரிஞ்சா பாதி அடங்கும்."

சரி, இடம் வேண்டும். அவ்வளவுதானே? மறுநாள் லீமா பாதி மலையில் இருக்கும் சின்னச்சாமியின் டீக்கடையில் வண்டியை நிறுத்தினாள். அங்கே வேனை நிறுத்துகிற டிரைவருக்கு டீயும் போண்டாவும் இலவசம். பின்னால் வரும் பத்துப் பேர் காசு கொடுப்பார்கள், அதற்கான மரியாதை. கடைக்குப் பின்னால் ஒரு கக்கூஸும் உண்டு. டூரிஸ்ட்டுகள் நாறடித்துவிடுவார்கள் என்று எப்போதும் பூட்டியே கிடக்கும்.

"உங்க டீயும் வேணாம், போண்டாவும் வேணாம்ணே. அந்தச் சாவியில ஒண்ணு எனக்கு வேணும்" என்றாள்.

"டிரைவருக்கு டீ தராம அனுப்புனா எனக்குக் கேவலம்மா."

"வயித்த வலிக்குதுன்னு நிக்கிறவள விரட்டுறது கேவலமில்லையா? நான் கழுவி விடுறேன். என் வண்டியில வர்ற பொம்பளைகளும் கழுவி விடுவாங்க. நாறுச்சுன்னா சாவியப் புடுங்கிக்கங்க."

அவர் யோசித்தார். யோசிக்கிற நேரமெல்லாம் அவள் நகரவில்லை. பின்னால் வண்டியில் ஆட்கள் டீ குடிக்க இறங்கலாமா என்று காத்திருந்தார்கள். கடைசியில் சாவி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டி எடுத்தாள். செக்போஸ்ட் வந்தது. வயிறு லேசாக முனகியது, அவ்வளவுதான். சின்னச்சாமி கடையைத் தாண்டிப் போனாள், ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. இடம் இல்லாதபோது நாலு தரம் கேட்ட வயிறு, இடம் கிடைத்ததும் கேட்கமாட்டேன் என்கிறது. லீமாவுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஒரு பூட்டைத் திறந்து விட்டிருந்தால் முடிந்திருக்கிற காரியத்துக்கா மூன்று வருஷம் அவளை வயிற்றுக்காரி என்றார்கள்? முழுக்க சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. நடுவில் ஒரு வாரம் பழையபடி போட்டு எடுத்தது. ஆனாலும் செட்டு மாத்திரையைத் தொடவில்லை. வண்டி கிளம்புமுன் ஏறியவர்களிடம் திரும்பி, "வழியில யாருக்கு வயித்தக் கலக்குனாலும் சொல்லுங்க, நிறுத்துவேன். எனக்குக் கலக்குனாலும் நிறுத்துவேன்" என்று சொல்லிவிடுவாள். ஜெயமுருகன் கேட்டுவிட்டு, "இதெல்லாம் அனௌன்ஸ் பண்ற விஷயமாக்கா?" என்றான். "ஒனக்கு அவசரம்னா மரம் இருக்கு. போயி ஒன் சோலியப் பாரு" என்றாள்.

மே மாசம் வந்தது. சீசன் நெரிசலில் ஒரு நாள் பாயே ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அவர் மனைவி ஆமினாவும் சென்னையிலிருந்து வந்த ஆமினாவின் அண்ணன் குடும்பமும் ஊருக்கு வரவேண்டும். பாய் முன் சீட்டில் லீமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பரீட்சை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறியதும் முன்னால் வண்டிகள் நின்றன. முந்தின நாள் மழையில் ஊறிய மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்திருந்தது. வெட்டி எடுக்க ஆள் வரவேண்டும். பின்னாலும் வண்டிகள் வந்து சேர்ந்துகொண்டன. சின்னச்சாமி கடை இன்னும் எத்தனையோ வளைவுக்கு மேலே. பையில் கிடந்த சாவி எதற்கும் உதவாது என்று தெரிந்த அந்த நிமிஷம் வயிறு முறுக்க ஆரம்பித்தது.

மூச்சை நிதானமாக இழுத்து விட்டாள். அடிவயிறு தளர்ந்தது, மறுபடி முறுக்கியது. பக்கத்தில் பாய். இப்போது சொன்னால் வண்டி கையை விட்டுப் போய்விடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அடக்கு, அடக்கு என்று மூன்று வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதெல்லாம் ஞாபகம் வந்தது. யாருக்காக அடக்கவேண்டும்? எதற்காக?

ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். "பாய், எனக்கு வயித்தக் கலக்குது. இறங்குறேன்."

பாய் குரலைத் தாழ்த்தினார். "லீமாம்மா, மச்சான் வீட்டு ஆளுக இருக்காங்க. கொஞ்சம் அடக்கிக்க முடியாதா?"

"முடியாது பாய். வண்டியப் புடுங்குறதுன்னா மேல போயிப் புடுங்கிக்கங்க."

இறங்கி நடந்தாள். ரோட்டோரம் ஒரு காப்பித்தோட்டத்து இரும்புக் கேட். உள்ளே பங்களா தெரிந்தது. காவல்காரர் பொன்னுவேல் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினார்.

"மொதலாளி இல்ல. யாரையும் உள்ள விடக் கூடாது."

"மொதலாளியப் பாக்க வரலண்ணே. கக்கூஸுக்குப் போகணும்."

"அதெல்லாம் முடியாதும்மா."

"அப்ப சரி, இந்த கேட்டு வாசல்லயே உக்காருறேன். ஒங்க மொதலாளி வந்தா நீங்களே அள்ளுனதச் சொல்லுங்க."

பொன்னுவேல் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறவள் முகமாக அது இல்லை. சாவிக்கொத்தை எடுத்தார். கேட் திறந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஆமினா வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அண்ணன் மனைவி. அவர்களுக்குப் பின்னால் வேறு வண்டிகளிலிருந்து இறங்கிய, யாரென்றே தெரியாத ஏழெட்டுப் பெண்கள்.

பாய் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஆமினா, நீ எங்க போற?"

"அவ போற எடத்துக்குத்தான்" என்றார் ஆமினா. "ஒங்கள நிக்காஹ் பண்ணி இந்த மலைக்கு வந்த நாள்லருந்து, ஏறுற அன்னிக்கு நான் ஒரு வாய்த் தண்ணி குடிச்சதில்ல. வாய் காஞ்சு தலை சுத்தும். சர்க்கரை வந்தபெறகு உசுரு போயி உசுரு வரும். ஒரு நாளாச்சும் வண்டிய நிறுத்தவான்னு கேட்டிருப்பீங்களா?"

பாய் மனைவியோடு இந்த மலையில் எத்தனையோ தடவை ஏறியவர். அத்தனை தடவையும் அவர் மட்டும் இறங்கி நின்றுவிட்டு வந்து ஏறியிருக்கிறார்.

லீமா உள்ளே போனாள். வலி ஒரு பிடி பிடித்துவிட்டு மெதுவாக விட்டது. அவள் வெளியே வந்தபோது வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி சின்னக் குரலில், "நல்லவேளை நீங்க இறங்கினீங்க" என்றாள். லீமா பொன்னுவேலிடம் வாளி வாங்கித் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வரிசை முடியும்வரை அங்கேயே நின்றாள்.

அதற்குள் மேலே மரத்தை வெட்டிவிட்டார்கள். முன்னாலிருந்த வண்டிகள் நகர்ந்தன. லீமாவின் வேன் மட்டும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. ஒருவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "டிரைவர் எங்கய்யா தொலைஞ்சான்?" என்று கத்தினான்.

கேட்டுக்குள்ளிருந்து லீமா எட்டிப் பார்த்தாள். வேனுக்குப் பின்னால், நடு ரோட்டில், சம்சுல் ஆலம் பாய் இரண்டு கையையும் அகல விரித்து நின்றுகொண்டிருந்தார்.

"தொலைஞ்சான் இல்ல, தொலைஞ்சாள்னு கேளு" என்றார் அவர் அந்த ஆளிடம். "என் டிரைவர் உள்ள போயிருக்கு. என் வீட்டு ஆளும் போயிருக்காங்க. ஒன் வீட்டுப் பொம்பளையும் போயிருக்காங்களான்னு வண்டிக்குள்ள திரும்பிப் பாரு. எல்லாரும் வர்ற வரைக்கும் ஒரு வண்டியும் நகராது."

ஹாரன் ஒவ்வொன்றாக அடங்கியது. லீமா வெரசாக ஓடிவரவில்லை. கைக்குச் சோப்பைப் போட்டு, நன்றாக நுரைக்கத் தேய்த்து, நிதானமாகக் கழுவினாள்.